இடப்பக்கப் பொத்தான்

நடுநகரைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று பதினொரு வருஷத்துக்கு முன்னால் தகரத் தடுப்பில் ஒரு படம் ஒட்டினார்கள். தெரு எப்படி மாறும் என்று காட்டுகிற படம். அதில் தையல்காரரின் கடை இல்லை. அந்த இடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது, அதில் ஓர் ஆள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஆளின் கோடு போட்ட சட்டையில் பொத்தான்கள் பெண்கள் சட்டையைப் போல இடப்பக்கம் இருந்தன.

“வரைஞ்சவனுக்குச் சட்டையே தெரியலை, இவன் தெருவைக் கட்டிக் கிழிக்கப் போறானாக்கும்!” என்று வருகிறவர்களிடமெல்லாம் தையல்காரர் சிரித்தார். கடையைக் காலி செய்ய முடியாது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார்.

மற்றதெல்லாம் படத்தில் இருந்தபடியே வந்து சேர்ந்தது. மரங்கள், விளக்குகள், கண்ணாடிக் கட்டிடம். அதன் வாசலில் சிவப்புக் குடை பிடித்த பெண்கூட வந்துவிட்டாள். தினமும் பத்து மணிக்கு வந்து சும்மா நிற்கிறாள். மழையில்லை, வெயிலுமில்லை.

இன்று தையல்காரர், யாரோ வாங்காமல் விட்டுப்போன துணியில் தனக்கென்று தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“என்னங்க, பொத்தானை இடப்பக்கம் வச்சிருக்கீங்க? முப்பது வருஷத் தொழில், கண்ணு அவிஞ்சா போச்சு?”

அவர் குனிந்து பார்த்தார். கோடு போட்ட துணி. அவசரமாகக் கத்தரிக்கோலை எடுத்து முதல் பொத்தானை வெட்டினார்.

வாசலில் லாரி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான்.

“பெஞ்சு வந்திருக்கு பெரியவரே. உக்கார்ற ஆள் உள்ளயே இருக்கார்னு சொல்லி அனுப்பிச்சாங்க.”