எழுபத்து மூன்று

பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளந்தவர்களுக்கு இரண்டு விடைகள் கிடைத்திருந்தன. பிரபஞ்சம் பிறந்த காலத்து ஆதி ஒளியிலிருந்து கணக்கிட்டவர்களுக்கு, வானியலாளர்களின் அளவுமுறையில், அறுபத்தேழு. வெடிக்கும் விண்மீன்களை வைத்து அளந்தவர்களுக்கு எழுபத்து மூன்று. மங்கையர்க்கரசி வேறொரு வழியில் ஆறு வருடமாக அளந்துகொண்டிருந்தாள். தன் ஆசை விடையை வளைத்துவிடக் கூடாது என்பதற்காக, கணக்குக்குள் தனக்குத் தெரியாமல் ஓர் எண்ணைக் கலந்துவைக்கும்படி உடன் பணியாற்றும் சலேத்திடம் அவளே சொல்லியிருந்தாள். இன்று காலை அதை நீக்க வேண்டும்; நீக்கினால்தான் உண்மையான விடை தெரியும். எது வந்தாலும் அப்படியே வெளியிடுவதாக இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அவளுக்கு அறுபத்தேழு வர வேண்டும். வந்தால், ஆதி ஒளிக் கணக்குக்கு அடிப்படையான, இருபது வருடமாக அவள் வகுப்பில் நடத்திய கோட்பாடு பிழைத்துக்கொள்ளும்.

“எடுத்துடவா மேடம்?” என்றார் சலேத்.

அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப்போட்டுக்கொண்டாள். “ம், எடுங்க.”

திரையில் எழுபத்து மூன்று வந்தது.

“எங்கயாவது தப்புப் பண்ணியிருப்போமா?” என்றார் சலேத்.

“ஆறு வருஷமா அதைத்தானே தேடினோம்? தப்பு எதுவும் இல்லையே. அதுதான் சார் பயமா இருக்கு. அப்போ நாம படிச்சதுல எது உண்மை?”

சலேத் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்: “நான் கலந்த எண் என்னன்னு எனக்கு மட்டும்தான் தெரியும் மேடம். எழுதிவச்ச காகிதமும் என்கிட்டதான் இருக்கு.”

அந்த எண்ணை மாற்றிச் சொன்னால் விடை அறுபத்தேழாகிவிடும் என்கிறார் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. அது வராததைக் கண்டு அவளே பயந்துபோனாள்.