ஆறாவது கிண்ணம்

முதல் கிண்ணத்திலேயே உறிஞ்சும் சத்தம் சரியாக வந்துவிட்டது.

கரண்டியை உதட்டில் வைத்து ஒரே இழுப்பு. தேநீர் காற்றோடு சேர்ந்து நாக்கின் கடைசி வரை போய் அடித்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். ஒருவரும் சிரிக்கவில்லை.

பத்து நாளாக அவள் வீட்டில் வெந்நீரை வைத்துக்கொண்டு உறிஞ்சிப் பழகியிருந்தாள். "யானை தண்ணி குடிக்கிற மாதிரியே இருக்கும்மா" என்று மகள் தரையில் உருண்டு சிரித்தாள்.

சிரிக்கட்டும்.

வாயில் இருந்ததை வாளியில் துப்பினாள்.

"மழைக்கால இலை சார். வாட்டினது பத்தல. பச்சை வாசம் அப்படியே நிக்குது."

நடுவில் இருந்த தலைவர் குறித்துக்கொண்டார்.

தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவருக்கு ஓர் உதவியாளர் வேண்டும். இருப்பது ஓர் இடம். வெளியே பெஞ்சில் இன்னும் ஏழு பேர். ஏழு பேரும் பட்டம் வாங்கியவர்கள்.

"டிகிரி இல்லையேம்மா?" மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த அம்மாள் விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்லைங்க மேடம். மூக்கு இருக்கு."

தலைவர் மீசைக்குள் சிரித்தார்.

பொய்யில்லை. இதே தொழிற்சாலையில், புளிக்க வைக்கும் அறையில் ஒன்பது வருடம். நறுக்கிய இலை தட்டுகளில் கிடந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் எழும். அந்த நிமிடத்தில் அவள் "எடுக்கலாம்" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் இலை உலர்த்துகிற டிரையருக்குப் போகும்.

இரண்டாவது கிண்ணம் நல்ல டீ. அப்படியே சொன்னாள்.

மூன்றாவதில் புகை. "ஈர விறகு போட்டிருக்காங்க."

நான்காவதும் ஐந்தாவதும் ஒரே டீ. அதையும் சொன்னாள். ஏல மையத்திலிருந்து வந்திருந்த கண்ணாடிக்காரர் பேனாவை மூடிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் வைத்த பொறி அது.

ஆறாவது.

இழுத்தாள். நாக்கில் ஒன்றும் நிற்கவில்லை. நிறம் மட்டும் கறுப்பு.

"செத்த டீ சார். அளவுக்கு மேல புளிக்க விட்டுட்டாங்க."

"டிரையர்ல தீஞ்சது இல்லையா?" ஓரத்தில் இருந்த ஃபேக்டரி ஆபீசர் அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"தீஞ்சா கருகல் வாசம் வரும் சார். இதுல அது இல்ல. டிரையருக்குப் போறதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு."

"ரொம்ப சரி" என்றார் கண்ணாடிக்காரர். கிண்ணங்களுக்கு முன்னால் கவிழ்த்து வைத்திருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

ஆறாவது அட்டையில் 417 என்று இருந்தது.

அந்த எண்ணைத் தொழிற்சாலையில் தெரியாதவர்கள் இல்லை. ஏலத்தில் யாரும் கேட்காமல் திரும்பி வந்த தேயிலை லாட். தீய்த்துவிட்டார் என்று டிரையர் பார்க்கும் போஜனுக்கு மெமோ கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர் ஆபீசர். போஜன் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். அவர்தான் தீய்த்தார் என்று அவளும் நம்பியிருந்தாள்.

"நல்லா பண்ணீங்கம்மா" என்றார் தலைவர். "போயிட்டு வாங்க. லெட்டர் வரும்."

அவர் முகத்திலேயே லெட்டர் இருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை.

417-க்கான இலை புளித்த அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. நல்ல வெயில். அவளுக்கு ஜலதோஷம். மூக்கில் நீலகிரித் தைலம் தடவிக்கொண்டு வந்திருந்தாள். தைலத்தைத் தவிர வேறெந்த வாசமும் தெரியவில்லை. லீவு சொல்ல மனமில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து "எடுக்கலாம்" என்றாள்.

வெயில் நாளில் இலை சீக்கிரம் புளிக்கும்; கடிகாரத்துக்குக் காத்திருக்காது.

"சார், 417 என் கையில கெட்டது."

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன.

அவள் மற்ற ஐந்து கிண்ணங்களைச் சொன்ன அதே குரலில் ஜலதோஷத்தைச் சொன்னாள். தைலத்தைச் சொன்னாள். கடிகாரத்தைச் சொன்னாள்.

"இப்ப உங்ககிட்ட இதை யாராவது கேட்டாங்களா?" என்றார் ஆபீசர்.

"கிண்ணத்துல என்ன இருக்குன்னு சொல்லச் சொன்னீங்க சார். சொல்லிட்டேன்."

தலைவர் 417 அட்டையைக் கையில் எடுத்தார்.

"இன்னைக்கு மூக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். பக்கத்து ரூம்ல யாரோ ஆரஞ்சு உரிக்கிறாங்க."

மாவட்டத்து அம்மாள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"வெளியே உட்காருங்க" என்றார் தலைவர்.

"டிரையர் வரைக்கும் போயிட்டு வந்துடறேன் சார். போஜண்ணன்கிட்ட சொல்லணும்."

அனுமதிக்காக நிற்கவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பெஞ்சில் இருந்த ஏழு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அதில் பயம் இல்லாததைப் பார்த்து அவர்களுக்குத்தான் பயம் வந்தது.

மரப்படிகளில் பாதி இறங்கியிருப்பாள்.

மேலே, சாத்திய கதவுக்குள் ஒருவர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. பழகிய வாய். கண்ணாடிக்காரர்.

அடுத்து ஒன்று, மீசையில் பட்டுக் கரகரத்து.

மூன்றாவது மெதுவாக, கூச்சத்தோடு.

பாக்கி ஆபீசர். நான்காவது சத்தத்துக்காகப் படியிலேயே நின்றாள்.