அவர் மாற்றிய கோடு

"கம்ப்யூட்டரைப் போட்டு ரெண்டு நிமிஷத்துல பார்த்துச் சொல்லிடுங்க மேடம். ஆளைத்தான் பிடிச்சாச்சே!" என்றார் மேலாளர்.

"ஆளே கிடைச்சாச்சுன்னா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று சிரித்தாள், கணினித் தடயங்களை ஆராய வந்த நிபுணர்.

அது கட்டடங்களுக்கு வரைபடம் போடும் நிறுவனம். அங்கே 'சிடுமூஞ்சி' என்று பட்டப்பெயர் வாங்கிய வரைவாளர் ஒருவர். பக்கத்து இருக்கைப் பெண் வீட்டுக்குக் கிளம்பியதும், அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதோ செய்கிறார். வாட்ச்மேன் பார்த்துவிட்டார். தலைமை வரைவாளர் பதவிக்கு இரண்டு பேருக்கும் போட்டி வேறு.

"படத்தைத் திருடி வெளியே விக்கறானோ, இல்ல இவங்களைக் கவிழ்க்கக் கோட்டை மாத்தி வைக்கறானோ!" என்று அந்தப் பெண்ணைக் காட்டினார் மேலாளர்.

"கைக்குழந்தையை விட்டுட்டு வந்து வேலை பார்க்கறேன். என் பிழைப்புல மண்ணை அள்ளிப் போடறாரே!" அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிடுமூஞ்சி சுவரோரம் நின்றார். "உட்கார்ந்தது நான்தான். காரணம் கேட்காதீங்க."

நிபுணருக்கும் அவர் மேல் சந்தேகம்தான். ஆனாலும் கம்ப்யூட்டரை ஆன் செய்ய விடவில்லை.

"ஆன் பண்ணினாலே உள்ளே சில தேதிகள் மாறிடும் சார். அப்புறம் யார் எப்போ தொட்டாங்கன்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

ஹார்ட் டிஸ்கைக் கழற்றினாள். அதில் புதிதாக எதுவும் பதியாமல் தடுக்கும் சின்னக் கருவியோடு இணைத்தாள். அழித்த ஃபைல்கள் இருந்த இடம் உட்பட மொத்தத்தையும் நகலெடுத்தாள். அசலும் நகலும் அச்சுப் பிசகாமல் ஒன்றுதான் என்று சரிபார்த்தாள். அசலை எல்லார் கண்ணெதிரிலும் உறையில் போட்டு சீல் வைத்தாள்.

"நத்தையே தேவலாம்" என்று முணுமுணுத்தார் மேலாளர்.

மறுநாள் மூவரையும் அழைத்து, நகலிலிருந்து எடுத்த ஒரு பள்ளிக்கூட வரைபடத்தைத் திரையில் காட்டினாள்.

"இதே படம் ரெண்டு விதமா இருக்கு. இது ஒண்ணு. அழிஞ்சு போயிருந்தது, மீட்டுட்டேன்."

உற்றுப் பார்த்த மேலாளருக்கு முகம் சிவந்தது. "மாடிப்படிக்குக் கைப்பிடியே இல்லை! பிள்ளைங்க ஓடி ஏறுற இடம்யா! நீயெல்லாம் மனுஷனா? வெளியே போ!"

சிடுமூஞ்சி தலைகுனிந்து நின்றார்.

"இருங்க சார். இது அவர் உட்காரறதுக்கு முன்னாடி சேவ் ஆனது." நிபுணர் அடுத்த படத்தைக் காட்டினாள். "அவர் தொட்ட பிறகு சேவ் ஆனது இதுதான். கைப்பிடி இருக்கு, பாருங்க. மத்த படங்களும் இப்படித்தான். எதையும் அவர் காப்பி எடுத்து வெளியே அனுப்பலை."



"தூக்கக் கலக்கத்துல... நானா?" அந்தப் பெண் திரைக்கு அருகில் வந்து பார்த்தாள். "காலையில திறந்துகூடப் பார்க்காம அனுப்பிடுவேனே... ஏன் சார் எங்கிட்ட சொல்லலை?"

"கேட்காமத் தொட்டது தப்புதாம்மா. குழந்தை ராத்திரி தூங்க ஆரம்பிச்சா நீங்களும் தூங்குவீங்க, தானா சரியாயிடும்னு நினைச்சேன்."

"இனிமே நான் இருக்கும்போதே பாருங்கண்ணா. பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன்."

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு பேரும் பார்த்த பிறகுதான் இனி எந்தப் படமும் வெளியே போகணும். ஆனா ஒண்ணு கேட்கறேன்யா. தப்பே இல்லாம படம் போடறாங்கன்னுதான் இவங்களுக்குப் பதவி கொடுக்க இருந்தேன். அன்னிக்கே எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா அது உனக்கு வந்திருக்குமே?"

"வந்திருக்கும் சார். இவங்களுக்கு வேலை போயிருக்கும்."