நாற்பத்து மூன்றாவது தலை

தலைமைக் காவலர் மூன்றாம் முறையாக எண்ணி முடித்தார்.

நாற்பத்து மூன்று.

இருக்க வேண்டியது நாற்பத்திரண்டு.

வேப்பமரத்தடியில் வரிசைக்கு இரண்டு பேராகக் குந்தியிருந்தார்கள். எல்லோரும் ஆயுள் கைதிகள். எல்லோர் காலிலும் கடலைக்காட்டுச் செம்மண். கடைசி வரிசையில் மட்டும் மூன்று பேர்.

தலை குறைந்தால் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் நான்கு பக்கம் உண்டு. மணி, ஊதல், ஆள், நாய் எல்லாம் வரிசையாக இருக்கும். கூடினால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. எழுதியவனுக்கு அப்படி ஒரு சந்தேகமே வரவில்லை.

அந்தத் திறந்தவெளிச் சிறைக்குச் சுவரும் இல்லை. பத்தடிக்கு ஒன்றாக, சுண்ணாம்பு அடித்த கல். முழங்கால் உயரம். அவ்வளவுதான் காவல்.

இருபத்தோரு வருடத்தில் ஒருவர்கூட ஓடியதில்லை. ஒரே ஒருவர் ஆட்டைத் துரத்திப் போய் வழி தவறி, மூன்று நாள் கழித்துத் திரும்பினார். தேட ஆள் அனுப்பவில்லையே என்று அதிகாரியோடு ஒரு வாரம் பேசவில்லை.

கடலை திருட வந்த ஒருவனைக் கைதிகளே பிடித்தார்கள். இடத்தைச் சுற்றிப் பார்த்தவன், நானும் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றான். அதற்குப் பெரிய சிறையில் பல வருடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும், கடலைத் திருட்டெல்லாம் போதாது என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

ஆனால் விடுதலையான ஆள் திரும்பி வந்து வரிசையில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

அடைக்கன்.

பன்னிரண்டு வருடம் முடித்தவன். போன செவ்வாய்க்கிழமை இதே தலைமைக் காவலர்தான் அவனைப் பஸ் ஏற்றிவிட்டார்.

அவர் அருகில் போய் நின்றார். அவன் தலையைத் தூக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்னையும் சேத்து எண்ணிக்கங்கய்யா."

பிறகு மெல்லச் சொன்னான். வரப்புத் தகராறில் அவன் வெட்டிக் கொன்றவருக்கு ஒரு மகன். அப்போது எட்டு வயது. இப்போது இருபது. திருப்பூரிலிருந்து இன்று ஆறு மணி பஸ்ஸில் ஊருக்கு வருகிறான். வளர்ந்துவிட்டான், அவன் நம்மை வெட்டுவதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்கிறார் அண்ணன். வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். ஒருவன் எப்படியும் உள்ளே போகவேண்டி வரும். போய்ப் பழகியவனே போவதுதான் முறையாம்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பது.

வெளி ஆளை உள்ளே வைத்திருந்தால் அவருடைய வேலை போகும். எழுப்பி அனுப்பினால் ஆறேகாலுக்கு ஒரு பையனின் உயிர் போகும்.

அப்போது மோட்டார் சைக்கிள் வந்தது.

இரண்டு பேர். ஓட்டி வந்தவர் அண்ணன் வெள்ளைக்கண்ணு. பின்னால் தங்கை புருஷன் சந்தனம். அவன் மடியில் கோணிச் சாக்கில் சுற்றிய நீளமான ஒன்று.

வண்டி கல்லுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

தாண்டுவதற்கு ஒரு காலைத் தூக்கினால் போதும். வெள்ளைக்கண்ணு தூக்கவில்லை.

"பன்னெண்டு வருசம் களி தின்னும் உனக்கு ஆசை அடங்கலையாடா? வெளிய வா."

அடைக்கன் தரையைப் பார்த்தபடி இருந்தான். பக்கத்தில் இருந்த இருவரும் அவனோடு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

வெள்ளைக்கண்ணு காவலர் பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை வந்தது. அவன் விடுதலையான ஆள், விடுதலைக் காகிதம் வீட்டில் இருக்கிறது, அவனுக்கு இங்கே என்ன சோலி என்று கேட்டார்.

நாற்பத்து மூன்று பேரும் காவலரைப் பார்த்தார்கள்.



"எண்ணிக்கையில இருக்கான்" என்றார்.



ரோட்டில் அந்த ஆறு மணி பஸ் போனது. ஜன்னலோரம் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஊர் ஐந்து மைல். இடையில் ஏழு நிறுத்தம். வண்டியில் போனால் முந்திவிடலாம்.

வெள்ளைக்கண்ணு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"அப்ப நீதான் மாப்ள."

சந்தனம் கீழே இறங்கினான்.

வேட்டியைச் சரிசெய்யத்தான் இறங்குகிறான் என்று காவலர் நினைத்தார். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தனம் சாக்கைச் சுண்ணாம்புக் கல்லின் மேல் வைத்தான். பிறந்த குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல் பார்த்து வைத்தான். செருப்பைக் கழற்றினான்.

ஒரு காலைத் தூக்கி வைத்தான். பிறகு இன்னொன்றை.

நடந்து வந்து அடைக்கனுக்குப் பின்னால் குந்தினான். கைகளை முழங்காலில் கட்டிக்கொண்டான். யாரும் சொல்லித் தரவில்லை.

கல்லுக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு ஆள். ஒரு வண்டி. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அந்தச் சாக்கு.

வண்டி உறுமிக்கொண்டே இருந்தது.

வேறு என்ன செய்வதென்று காவலருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். முதல் வரிசைக்குப் போய், விரலை நீட்டி, சத்தமாக எண்ணத் தொடங்கினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கடைசி வரிசைக்கு வந்தபோது அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

வண்டியின் சத்தம் நின்றிருந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்து நான்கு என்றார். விரலை மடக்காமல் காத்திருந்தார்.