முதல் ஊசி யாருக்கு?

“கர்ப்பத்தைத் தடுக்கற ஊசின்னு எவகிட்டயும் உளறி வைக்காத. சத்து ஊசின்னு சொல்லு, போதும்,” என்றார் திட்ட அதிகாரி ராஜாக்கண்ணு.

நர்ஸ் நீலாவதி தலையை ஆட்டினாள். ஆட்டாவிட்டால் அடுத்த மாதமே மாற்றல் வந்துவிடும்.

ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர். புளியமரத்தடியில் கூடாரம். ‘மலைப் பெண்களும் நாங்களும் சம பங்காளிகள்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய துணியைக் கட்டியிருந்தார்கள். பங்காளிகளில் ஒருத்திக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

ஊசி புதுசு. ஒன்று போட்டால் ஒரு வருஷத்துக்குக் கரு தங்காது. மருந்து செய்த நாட்டில் அதற்கு இன்னும் அனுமதி இல்லை. அதனால் இங்கே போட்டுப் பார்க்கிறார்கள். அங்கிருந்து வந்திருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா நல்ல மனுஷிதான். பெண்களுக்குச் சம்மதமா என்று கேட்கக்கூடச் செய்தாள். ஊர்ப் பெரியவர் கோபால்சாமி சம்மதித்துவிட்டார் என்றதும் திருப்தியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

இன்றைக்கு வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் ஊசி போட்டுவிட்டால், ஜெனிவா மாநாட்டில் பெண்கள் உரிமை பற்றிப் பேச ராஜாக்கண்ணுவுக்கு விமான டிக்கெட். திருப்பத்தூரில் கோட்டுக்கு அளவும் கொடுத்தாயிற்று. பேச்சை வீட்டில் தினமும் ஒத்திகை பார்த்தார். மனைவி சகுந்தலா உட்கார்ந்து கேட்க வேண்டும், கை தட்டவும் வேண்டும்.

வரிசையில் முதல் ஆள் பாஞ்சாலை. கல்யாணமாகி ஆறு மாதம். உடம்பில் சத்து ஏறினால் பிள்ளை சீக்கிரம் தங்கும் என்று ஆசையாக வந்து நின்றாள், பாவம்.

நீலாவதி அவள் கையில் பஞ்சை வைத்தபோது சம்பூர்ணம் முன்னால் வந்தாள். ஊரில் பெண்களுக்காகப் பேச வேண்டியதை எல்லாம் பேசுகிறவள் அவள்தான்.

“சார், எங்க மலையில ஒரு வழக்கம் கீது. வெளியாளு இன்னா குடுத்தாலும், குடுத்தவங்க மொதல்ல எடுத்துக்கினாத்தான் நாங்க தொடுவோம். கூழானாலும் சரி, மருந்தானாலும் சரி.”

மலை ஜனம் என்றால் ஏதாவது வழக்கம் இருக்கத்தானே செய்யும்? ராஜாக்கண்ணு அதை மொழிபெயர்த்ததும் டாக்டரம்மா பரவசமாகி, தொன்மையான பண்பாடு என்று குறித்துக்கொண்டாள். அவரும் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தார்.

“நீங்க ஆம்பளை. பொம்பளை ஊசிய ஒங்களுக்குப் போட்டு நாங்க இன்னாத்த தெரிஞ்சிக்கறது? தோ, ஜீப்புல ஒங்க சம்சாரம் குந்திக்கினு கீறாங்களே,” என்றாள் சம்பூர்ணம்.

மலையைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்துக் கூட வந்திருந்த சகுந்தலா, தலையைக் குனிந்துகொண்டாள்.

ராஜாக்கண்ணுவுக்கு வியர்த்துவிட்டது. அவருக்கு மூன்றும் பெண். நாலாவது ஆண்தான் என்று ஜோசியர் அடித்துச் சொல்லியிருக்கிறார். மலைப் பெண்கள் பிள்ளை பெறுவதும் அவர் வீட்டு வாரிசும் ஒன்றாகுமா?

விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா பதறிப்போனாள். உங்கள் மனைவிக்கு இந்த மருந்தைப் பற்றி எல்லாம் தெரியுமா, முழுச் சம்மதம்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பாஞ்சாலையைப் பற்றி அப்படி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முழுச் சம்மதம் என்று பல்லைக் காட்டிய ராஜாக்கண்ணு, நீலாவதியின் காதருகே குனிந்தார்.

“அவளுக்கு மட்டும் வெறும் பி-காம்ப்ளக்ஸ் போடு. மூச்சு விடாத.”

சகுந்தலா திரைக்குப் பின்னால் போனாள். சற்று நேரத்தில் கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

பார்த்தீர்களா, எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை, வாருங்கள் என்று ராஜாக்கண்ணு எல்லோரையும் அழைத்தார். சம்பூர்ணம் அசையவில்லை.

“இன்னா சார் அவசரம்? அம்மாவுக்கு ஒடம்பு எப்பிடிக் கீதுன்னு ஒரு வருசம் பாக்கறோம். அப்பால வர்றோம்.”

பாஞ்சாலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் நடக்க, வரிசை முழுக்கப் பின்னாலேயே போய்விட்டது.

ஜீப் ஒடுகத்தூருக்கு இறங்குகிறவரை ராஜாக்கண்ணு திட்டிக்கொண்டே வந்தார். படிக்காத ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது என்றார். ஜெனிவா போச்சு, கோட்டும் தண்டம் என்று புலம்பினார். கடைசியில் தானே மனதைத் தேற்றிக்கொண்டார்.

“போவட்டும். ஒனக்குப் போட்டது சத்து ஊசிதானே. நம்ம பையனுக்கு ஒரு தடையும் இல்ல.”

சகுந்தலா அவர் பக்கம் திரும்பினாள்.

“நீலாவதி அதைத்தான் எடுத்தாங்க. நான்தான் நெஜமான ஊசியே போடச் சொன்னேன். நாலாவது பிரசவம் உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் ஒங்க எதுர்லதானே சொன்னாரு? குடும்பக் கட்டுப்பாட்டுக்குன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா புருசன் கையெழுத்து கேக்கறாங்க. வேற வழி தெரியலீங்க.”

“எல்லாம் அந்த மலை வழக்கத்தால வந்த வினை,” என்று ராஜாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார்.

“காலைல நீங்க கூடாரம் கட்டறப்பவே, இது சத்து ஊசி இல்லைன்னு சம்பூர்ணத்துகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். எப்பிடிக் கேக்கணும்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான். அவங்க மலையில அப்பிடி ஒரு வழக்கமே கெடையாதுங்க.”