மூன்று உருண்டைகள்

"எழுபது லட்சத்துக்கு உயிரை விக்கறே சனோஜ். ஒரு கையெழுத்துப் போடு, பொழைச்சுக்குவே" என்றார் டாக்டர் ரம்லா.

சனோஜ் கண்ணை மூடிக்கொண்டான். விடிகாலை துபாயிலிருந்து கோழிக்கோட்டில் இறங்கியவனை, ஆசனவாயில் தங்கம் வைத்திருக்கிறான் என்று யாரோ போனில் கொடுத்த துப்பை நம்பி, சுங்க அதிகாரி தாமஸ் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார். அவன் சம்மதித்தால் உடனே எக்ஸ்ரே. மறுத்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அன்று பார்த்து ஞாயிற்றுக்கிழமை.

வயிறு பலகையாக இறுகியிருந்தது. காய்ச்சல் நூற்று மூன்று. குடல் கிழிந்து மலம் உள்ளே கசிகிறது என்று ரம்லாவின் விரல்களுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் சுயநினைவோடு மறுப்பவன் மேல் கத்தி வைக்க முடியாதே.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். வெறும் வாயு."

"வாயுவை இவ்வளவு விலைக்கு எவனும் வாங்க மாட்டான்பா."

அழைத்துப்போக வந்ததாகச் சொல்லி வாசலில் நின்ற அவன் அக்கா புருஷன் பிரமோதைக் கூப்பிட்டு, நீயாவது புத்தி சொல் என்றார். பிரமோத் அவன் தலையைத் தடவிக் காதோடு சொன்னது ரம்லாவுக்கும் கேட்டது.

"பல்லைக் கடிச்சுக்கோ மச்சான். சரக்கு போச்சுன்னா வீட்டை எழுதி வாங்கிடுவாங்க. உங்கக்கா தெருவுலதான் நிக்கணும்."

ரம்லா அவனை வெளியே விரட்டினார். ஆனாலும் அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. சனோஜ் எட்டு மணி நேரம் அசைந்துகொடுக்கவில்லை. பிற்பகலில் நினைவு தப்பியது. அதற்குப் பிறகு யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

மெழுகு பூசிய மூன்று உருண்டைகளை எடுத்தார். கிழிசலைத் தைத்து, குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே திருப்பி வைத்தார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. பொழுது சாயும்போது சனோஜ் போய்விட்டான்.

உருண்டைகளை உருக்கிப் பார்த்த நகை மதிப்பீட்டாளர் உதட்டைப் பிதுக்கினார். மெழுகு. இரும்புத்தூள். பொட்டுத் தங்கம் இல்லை.

தாமஸ் நாற்காலியில் சரிந்தார். "இவனைக் காட்டிக் கொடுத்ததே சரக்கைக் கொடுத்து அனுப்பினவங்கதான் டாக்டர். நாங்க இவனைச் சுத்தி நின்னப்போ, அசல் சரக்கோட வேற ஒருத்தன் வெளியே நடந்திருக்கான். இவன் வாயைத் திறக்காத எட்டு மணி நேரத்துல அது கைமாறியும் இருக்கும்."

விமானநிலையத்திலிருந்து வந்த தாளை மேசையில் போட்டார். அதே விமானத்தில் வந்து, அந்தக் களேபரத்தில் சோதனை இல்லாமல் வெளியேறியவர்கள் பதினேழு பேர்.

முதல் பெயர், பிரமோத்.