டைமர் சரியாகத்தான் இருக்கிறது

நகோயாவில், துருத்தி வைத்த பழைய மடிப்பு கேமராக்களைப் பழுது பார்ப்பது என் வேலை. குவபாராவைப் போல உயிரை வாங்கிய வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை. ஒரே கேமராவை மூன்றாவது முறையாகக் கொண்டுவந்தார்.

“இந்த டைமர் சரியான அவசரக்குடுக்கைங்க. அழுத்திட்டு ஓடறேன், நான் போய்ச் சேர்றதுக்குள்ள படத்தை எடுத்துடுது.”

கடிகாரத்தை வைத்து அவர் கண்ணெதிரிலேயே சோதித்தேன். சரியாகப் பத்து விநாடி. அவர் ஒரு படத்தை நீட்டினார். செர்ரி மரத்தடியில் மனைவி, இரண்டு மகள்கள், நடுவில் சிரித்தபடி அவர்.

“நீங்கதான் ஜம்முனு நிக்கிறீங்களே! அப்புறம் என்ன?”

“அது நான் இல்லைங்க. நான் அப்ப பாதி வழியிலதான் ஓடிட்டிருந்தேன்.”

வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. டைமரைப் பன்னிரண்டு விநாடிக்கு மாற்றி அனுப்பிவைத்தேன்.

மரத்தில் பூ உதிர்ந்து முடிவதற்குள் மறுபடியும் வந்துவிட்டார்.

“இந்தத் தடவை போய்ச் சேர்ந்துட்டேன். பாருங்க.”

படத்தில் இரண்டு குவபாராக்கள் இருந்தார்கள்.

“ஃபிலிமைச் சுத்த மறந்துட்டு, ஒரே படத்து மேல ரெண்டு தடவை எடுத்திருக்கீங்க!” என்று எரிந்து விழுந்தேன்.

“அப்படின்னா என் பொண்டாட்டியும் ரெண்டா விழுந்திருக்கணுமே?”

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவைதான், தெளிவாக விழுந்திருந்தார்கள். மனைவி, சிரிக்கிற குவபாராவின் கையைக் கோத்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் மூச்சிரைக்க நின்ற குவபாராவை மகள்கள் இருவரும், யார் இந்த ஆள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.